மீட்டருக்குக் கோபம்

கரண்ட் பில் ஏன் ஏறுகிறது தெரியுமா? கட்டணம் கூடியதாலா? பழைய பிரிட்ஜ் ராப்பகலாக உறுமிக்கொண்டிருப்பதாலா? சே, சே! அதெல்லாம் படிக்காதவர்கள் சொல்வது. மீட்டருக்குக் கோபம். அதனால்தான் ஏறுகிறது.

இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தவர் மின்னொளியார். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த சினிமா கொட்டகையை வாடகைக்கு எடுத்து, வெள்ளிக்கிழமை தோறும் பிற்பகலில் அவர் மீட்டர்களின் கோபத்தைத் தணித்துவந்தார். அந்தக் கொட்டகையில் படம் ஓடிய காலத்தில்கூட அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. கையில் பில்லோடு வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள். மீட்டரையே கழற்றி எடுத்துவந்த ஒருவரை வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பவேண்டியதாயிற்று.

மின்னொளியார் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார், நெஞ்சுவரை தாடியும் வைத்திருப்பார். விஞ்ஞானி வேண்டும் என்பவர்களுக்குக் கோட்டு, மகான் வேண்டும் என்பவர்களுக்குத் தாடி. இரண்டு கடையையும் ஒரே உடம்பில் நடத்தினார். அவர் விற்றது உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரத் துண்டு. பெயர் சாந்தித் தகடு. மீட்டரின் முகத்தில் ஒட்டினால் கோபம் இறங்கும், பில்லும் இறங்கும். விலை அதிகமில்லை, ஒரு மனுஷனின் ஒரு வாரக் கூலிதான்.

இப்படிப்பட்ட தகரத்தை எந்த முட்டாள் வாங்குவான் என்று கேட்கிறீர்களா? நம் தராசுக்காரர் வாங்கினார்.

தராசுக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்த வட்டாரத்துக் கடைகளின் தராசுகளையெல்லாம் பழுது பார்ப்பவர் அவர்தான். எந்தத் தராசு வந்தாலும் முதலில் தட்டைக் காலியாக விட்டுத்தான் பார்ப்பார். ஒன்றும் வைக்காதபோதே முள் நகர்ந்தால், "இது பொய் சொல்ற தராசு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவரைக் கண்டால் மளிகைக்காரருக்கு வியர்க்கும். அப்பேர்ப்பட்ட ஆளின் காதில்தான் மின்னொளியார் முழம் முழமாகப் பூச் சுற்றினார். தராசுக்காரரும் போதாதென்று அடுத்த காதையும் காட்டினார்.

அவர் வீட்டு முன்னறையில் மனைவி இஸ்திரி போடுகிறாள். விடிந்தால் அந்தத் தெருவின் சட்டைகள் எல்லாம் அவள் மேசையில்தான். குடும்பத்தின் பாதிச் சோறு அந்த இஸ்திரிப் பெட்டியிலிருந்து வருகிறது, முக்கால்வாசி பில்லும் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு முறை கட்ட முடியாமல் போய், மூன்றாவது முறை மின்சார ஆபீசிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே இரண்டு காகிதம். ஒன்று, அடுத்த மாதக் கடைசியில் இணைப்பைத் துண்டிப்போம் என்ற நோட்டீஸ். இன்னொன்று ஏதோ படிவம், பொடி எழுத்து. நோட்டீசைப் பார்த்ததுமே தராசுக்காரருக்குக் கண் இருட்டிவிட்டது. படிவத்தை யார் படிப்பது?

கரண்ட் போனால் இஸ்திரி போச்சு, இஸ்திரி போனால் பாதிச் சோறு போச்சு. இதை மனைவியிடம் சொல்லத் தைரியம் வராமல் சலூனில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டிருக்கீங்க?" என்றார் சலூன்காரர், கத்தியைத் தீட்டிக்கொண்டே. "மின்னொளியார் தகடு வாங்கி ஒட்டுங்க. என் மச்சானோட முதலாளி வீட்ல பில்லு பாதியாயிடுச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்கண்ணே பாக்கறது? மச்சான் சொன்னான்."

"அவர் பாத்தாராமா?"

"முதலாளி வீட்டு டிரைவர் பாத்தாராம்!"

இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? மறு வெள்ளிக்கிழமையே தராசுக்காரர் தகடும் கையுமாக வீடு வந்து சேர்ந்தார். ஒட்டிப் பார்த்தால் தகடு மீட்டரோடு படியாமல் கடகடவென்று ஆடியது. நல்ல கைவேலைக்காரர் அல்லவா, சும்மா விடுவாரா? கவரிலிருந்த அந்தப் படிவத்தை எடுத்தார், நாலாக மடித்தார், தகட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார். ஆட்டம் நின்றது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அடுத்த பில் வந்தது. குறைந்திருந்தது! தராசுக்காரர் மீட்டருக்கு முன்னால் நின்று கண் கலங்கினார். அக்கா வீட்டுக்குப் போயிருந்த மனைவி பன்னிரண்டு நாள் கழித்து அன்றுதான் திரும்பியிருந்தாள் என்பது அவர் மூளைக்கு எட்டவே இல்லை. கடைக்காரன் தராசில் கடுகளவு பிசகினாலும் பிடித்துவிடும் அந்த மூளை, தன் வீட்டில் பன்னிரண்டு நாள் இஸ்திரிப் பெட்டி ஆறிக்கிடந்ததைக் கவனிக்கவில்லை.

ஓடிப்போய் மின்னொளியாரிடம் சொன்னார். மின்னொளியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க தொழில் என்னன்னு சொன்னீங்க?"

"தராசு பாக்கறதுங்க."

"அளவைத் துறை வல்லுநர்!" என்றார் மின்னொளியார். "வர்ற வெள்ளிக்கிழமை மேடையில நீங்க நாலு வார்த்தை பேசணும்."

துறையாம், வல்லுநராம்! தராசுக்காரர் அன்று வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம். "சாட்சி சொல்றவர் தன் வீட்டுத் தகட்டோட வரணும்" என்று மின்னொளியார் சொல்லியிருந்தார். தராசுக்காரர் சலவைச் சட்டையில் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, மனைவி ஸ்டூலில் ஏறித் தகட்டைப் பெயர்த்தாள். மடித்த காகிதம் பொத்தென்று விழுந்தது. பிரித்தாள். பொடி எழுத்தைக் கண்ணுக்கு அருகே வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"ஏங்க, இது என்னது?"

"அது... முட்டு."

"முட்டா? வீட்ல தொழில் பண்றவங்க பில்லு கட்ட முடியலேன்னா இதை எழுதிக் குடுங்கன்னு போட்டிருக்கான். பாக்கியைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டலாமாம். இணைப்பை வெட்ட மாட்டாங்களாம். வீட்டுக்கு ஆளே வந்து எங்க கரண்ட் வீணாகுதுன்னு பாத்துச் சொல்வாங்களாம், அதுவும் சும்மா!" அவள் குரல் ஏறியது. "கடைசி நாள் என்னிக்குன்னு போட்டிருக்கு தெரியுமா? இன்னிக்கு. சாயங்காலம் நாலு மணி. அப்போ கரண்டை வெட்டப் போறாங்களா? என்கிட்ட ஏன் சொல்லலை?"

அளவைத் துறை வல்லுநர் சலவைச் சட்டையின் பொத்தானைத் திருகினார்.

"அதான் தகடு இருக்கே... பில்லு குறைஞ்சிதே..." என்று முனகினார்.

"நானும் வர்றேன்," என்றாள் மனைவி. படிவத்தை நீவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "உங்க ஒளியாரை நானும் ஒரு தடவை பாத்துட்டு, அங்கிருந்தே ஆபீசுக்குப் போறேன்."

கொட்டகை நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு பலகை. பலகையில் ஒரு மீட்டர், ஒரு குண்டு பல்பு. பக்கத்து மேசையில், அதே மீட்டரோடு இணைத்த ஒரு இஸ்திரிப் பெட்டி. மின்னொளியார் சுவிட்சைப் போட்டார். மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டியது.

"பாருங்கள் அன்பர்களே! என்ன ஆவேசம்! என்ன கோபம்!"

கூட்டம் உச்சுக் கொட்டியது. மின்னொளியார் சாந்தித் தகட்டை உயர்த்தி, கண்ணை முக்கால்வாசி மூடி, ஏதோ முணுமுணுத்தார். "கை தட்டுங்கள்! அலைகள் எழட்டும்!" கொட்டகையே அதிரும்படி தட்டினார்கள். இரண்டு நிமிஷம் போயிருக்கும். சட்டென்று தகட்டை மீட்டரின் மேல் பதித்தார். படபடத்த விளக்கு சொன்னபடி கேட்டது! எப்போதோ ஒருமுறை மட்டும் சோம்பலாகக் கண் சிமிட்டியது. ஓவென்று ஆரவாரம். மின்னொளியார் அவசரமாகச் சுவிட்சை அணைத்துவிட்டு, "இதோ, அளவைத் துறை வல்லுநர்!" என்று தராசுக்காரரை முன்னால் தள்ளினார்.

"ஐயா, சுவிட்சை ஏன் அணைச்சீங்க?"

முன் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். தராசுக்காரருக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

"சாந்தி வந்துவிட்டதம்மா. பிறகெதற்குச் சுவிட்ச்?"

"வந்த சாந்தி நிக்குதான்னு பாக்கணுமில்ல? தகட்டை எடுக்காதீங்க. சுவிட்சைப் போட்டு அப்படியே விடுங்க. யாரும் கை தட்டாதீங்க. அஞ்சு நிமிஷம் போதும்."

"நம்பிக்கை இல்லாதவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "உக்காரும்மா!" என்று இன்னொருவர். சலூன்காரரும் சேர்ந்து கத்தினார். யாரைத் திட்டுகிறோம் என்று தெரிந்ததும் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் பாவனை செய்தார்.

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மேடையில் நின்ற புருஷனைத்தான் பார்த்தாள்.

"ஏங்க, காலித் தட்டை முதல்ல பாக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே. இந்தத் தராசுக்குப் பாத்தீங்களா?"

தராசுக்காரருக்கு முகம் சிவந்தது. மேடையில் மானம் போகப் போகிறது, சந்தேகமில்லை. சும்மா நின்றால் வீட்டில் போகும். மேடையிலேயே போகட்டும் என்று முடிவு செய்து சுவிட்சைப் போட்டார். மின்னொளியார் கையைப் பிடிக்க வந்தார். "இருங்க சார், நான் துறை வல்லுநர்," என்றார் தராசுக்காரர்.

கொட்டகை அடங்கியது. மீட்டர் சோம்பலாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பல்பு மட்டும்தான் எரிந்தது.

டிக்.

சின்னச் சத்தம். இஸ்திரிப் பெட்டியில் ஒரு பொட்டு விளக்கு எரிந்தது. மீட்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. தகடு அதன் முகத்திலேயே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சாந்தி மட்டும் காணோம்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் மனைவி.

டிக். பொட்டு விளக்கு அணைந்தது. மீட்டர் தூங்கி வழிந்தது.

"சூடு ஏறினா பெட்டி தானா கட் ஆகும், ஆறினா தானா வரும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் நான் சட்டை தேய்க்கறேன். இவர் அந்தப் பொட்டு விளக்கைப் பாத்துத் தகட்டை வைக்கறார். சத்தம் நம்ம காதுல விழக்கூடாதுன்னு நம்மளையே கை தட்டச் சொல்றார்!"

தராசுக்காரர் மெல்லத் தகட்டைப் பிடுங்கினார். இப்போதுதான் காலித் தட்டு. பெட்டி ஆறும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிக், படபடப்பு. டிக், சாந்தி. தகடு இல்லாமலே, தாடி இல்லாமலே, பைசாச் செலவில்லாமல் சாந்தி!

"பெண்கள் குறுக்கே பேசினால் அலைகள் கலையும்..." என்று தொடங்கினார் மின்னொளியார்.

"பெட்டிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க," என்றார் தராசுக்காரர். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நான் பேச வந்த நாலு வார்த்தை இதுதான். என் வீட்ல பில்லு குறைஞ்சது நிஜம். அந்த மாசம் பன்னண்டு நாள் என் சம்சாரம் ஊர்ல இல்லை, பெட்டி சூடே ஆகலை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு நாளாச்சு. உங்க கடைத் தராசையெல்லாம் நான்தான் பாக்கறேன். எதுக்கும் இன்னொருத்தர்கிட்டயும் காட்டிக்குங்க."

கூட்டம் ஒரு கணம் விழித்தது, அப்புறம் சிரித்தது, அப்புறம் மின்னொளியாரைத் தேடியது. கோட்டு மட்டும் நாற்காலியில் தொங்கியது. விஞ்ஞானி கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். மகான் தாடியோடு பின்வாசல் வழியாகப் பெட்டிக்கடை வரை ஓடி, அங்கே ஆட்டோவுக்குப் பேரம் பேசும்போது பிடிபட்டார்.

தராசுக்காரர் தம்பதி அதைப் பார்க்க நிற்கவில்லை. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மின்சார ஆபீஸ் உதவிக் கவுன்ட்டரில் மூச்சு வாங்க நின்றார்கள். கவுன்ட்டருக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. தூங்கி வழிந்த குமாஸ்தா அம்மா, அவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன, நாலு மடிப்பு? நடுவுல சதுரமா துருக்கறை வேற?"

"வீட்ல மீட்டருக்கு முட்டுக் குடுத்திருந்தேங்க," என்றார் தராசுக்காரர், உள்ளதை உள்ளபடி.

"எத்தனை பேருக்கு அனுப்பினோம் தெரியுமா? எழுதிக் கொண்டாந்தவங்கள்ல நீங்க மூணாவது ஆள்." முத்திரை விழுந்தது. "இனி வெட்ட மாட்டாங்க. வர்ற வாரம் ஆள் வந்து பாப்பாங்க."

மனைவி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். தராசுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தப்புத்தான்," என்றார். "தெரியுதில்ல," என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

இப்போது சாந்தித் தகடு அவள் மேசையில் இருக்கிறது. சுடும் பெட்டியை அதன்மேல் வைக்கிறாள். ஒரு வாரக் கூலிக்கு வாங்கிய தகரம், அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

கொட்டகைக் கூத்துக்கு மறுநாள் காலை சலூன்காரர் வந்தார். வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, ஆபீஸ்ல உங்களுக்கு ஏதோ நல்லது பண்ணிக் குடுத்தாங்களாமே. என்ன குடுத்தாங்க?"

"ஒரு காகிதம். உங்க வீட்டுக்கும் வந்திருக்கும். அடுத்த மாசமும் வாங்கறாங்களாம், விட்டுடாதீங்க."

"அட, வந்திச்சே! எங்கேயோ கிடக்கு." சலூன்காரர் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "அதை எங்கண்ணே ஒட்டணும்? மீட்டருக்கு மேலயா, கீழயா?"

தராசுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்பதும் உடனே நினைவு வந்தது.

"நானும் ஒட்டித்தான் பாத்தேன் தம்பி, ஒண்ணும் நடக்கலை," என்றார். "அதைப் படிக்கணும்."