பஞ்சர் கடைக்குக் கீழே ஓர் ஊர்

"ஏங்க, எங்க ஊர் எங்க?"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் பதில் சொல்வதற்கு முன்னால் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், கியரைப் பார்த்தார், வைப்பரை ஒருமுறை போட்டு நிறுத்தினார். மழை எதுவும் பெய்யவில்லை.

"இருக்கும்மா. நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். உங்க ஊர் இருக்கு, கொட்டை எழுத்துல. அதுக்குப் பக்கத்து ஊர் இருக்கு. மனுஷங்களே இல்லாத அந்த அணைக்கட்டுகூட இருக்கு. எங்க ஊரைத்தான் காணோம்."

காரின் முகப்பில் பொருத்தியிருந்த திரையில் அன்றைய நெடும்பயணம் முழுவதும் உள்ளங்கை அளவில் விரிந்து கிடந்தது. அவ்வளவு நீளமான சாலையை அவ்வளவு சின்னத் திரையில் காட்டும்போது எல்லா ஊர்ப் பெயர்களுக்கும் இடம் கிடைக்காது. எந்தப் பெயர் நிற்கலாம், எது விலகிக்கொள்ள வேண்டும் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். அப்படி முடிவு செய்து சம்பளம் வாங்குகிறவர்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய மனிதரை வெறும் கத்தரிக்கோல் என்பது மரியாதை இல்லை. நாம் கத்தரிக்கோலார் என்போம்.

மனைவிக்கு இந்தப் பட்டப்பெயர் தெரியாது. "ஊரையெல்லாம் மேப்ல போடறது எங்க வீட்டுக்காரர்தான்" என்று அவள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவர் போடுகிறவர் அல்ல, எடுக்கிறவர் என்பதை அவரும் திருத்தவில்லை.

ஆறு மாதம் முன்பு மேலாளர் அவரைக் கூப்பிட்டு, திரையில் எறும்பு மொய்ப்பதுபோல் ஊர்கள் மொய்க்கின்றன, குறைத்து வா என்றார். குறைத்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. ஒரு பக்கம் பெட்ரோல் பங்க் உள்ள கூட்டுரோடு. இன்னொரு பக்கம் மாமனார் ஊர். கூட்டுரோட்டில் பெட்ரோல் கிடைக்கும். மாமனார் ஊரில் மாமனார் கிடைப்பார். கத்தரிக்கோலார் நேர்மையானவர். மாமனார் ஊரை எடுத்தார். அலுவலகத்தில் இருந்து பார்த்தால் அது முற்றிலும் நியாயமான முடிவு. மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அதில் கொஞ்சம் நியாயம் குறைந்தது.

மாமனார் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த ஊர்ப் பெயரை முத்திரையாகக் குத்தியவர். ஊர்ப் பெயரை யாராவது தப்பாகச் சொன்னால் உச்சரிப்பைத் திருத்திவிட்டுத்தான் வழியே சொல்வார். அவர் வீட்டில் பத்து நாள் தங்கத்தான் இப்போது போய்க்கொண்டிருந்தார்கள். ஊரை எடுத்த கை எது என்று அவருக்குத் தெரிந்தால், அந்தக் கை அந்த வீட்டில் இனிமேல் சாப்பாட்டில் படாது.

"இது தூரத்துப் பார்வைம்மா. கிட்டத்துல கொண்டுவந்தா தெரியும்" என்று குமிழைத் திருகினார்.

சாலைகள் தடித்தன. வாய்க்கால் ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னும் திருகினார். 'பஞ்சர் கடை' என்று எடுப்பாக ஒரு பெயர் வந்தது. அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, அவள் பிறந்த ஊர்.

"பஞ்சர் கடைக்குக் கீழயா?"

"கீழன்னு இல்ல. தெற்கே."

"பஞ்சர் ஒட்டறவன் கடை பெரிசா இருக்கு, அவன் குடியிருக்கிற ஊர் பொடிசா இருக்கு. எங்க அப்பா இதைப் பாத்தா என்ன ஆவார்னு யோசிச்சீங்களா?"

அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் காட்டச் சொன்னா உங்க ஊரும் எடுப்பா வந்துடும்" என்று, விவரம் என்ற இடத்தில் 'குறைவு' என்று இருந்ததை 'முழுமை' என்று மாற்றினார்.

வந்தது. ஊர் மட்டுமல்ல, சலூன், மாவு மில், செருப்புக் கடை, பொதுக் கழிப்பறை, மூடப்பட்ட பொதுக் கழிப்பறை, எல்லாம் சேர்ந்து வந்தன. திரையில் சாலையைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்தது. வழிசொல்லும் பெண்குரல், இத்தனை நாள் தன்னைப் பேச விடாமல் வைத்திருந்தார்கள் என்பதுபோல் ஆரம்பித்தது.

"இடப்பக்கம் சலூன். வலப்பக்கம் சலூன். சற்று முன்னால் பல் மருத்துவர். அவருக்கு எதிரே மிட்டாய்க் கடை."

"திருப்பம் எங்கன்னு சொல்லுதா?"

"சொல்லும். இந்தத் தெருவை முடிச்சுட்டுச் சொல்லும்."

அது தெருவை முடிப்பதற்குள் திருப்பம் தாண்டிவிட்டது. திரும்பி வர ஒரு சந்தில் நுழைந்தார். அது லாரி கழுவும் கொட்டகை. உள்ளே நின்ற இரண்டு பேர் எதுவும் கேட்கவில்லை. கழுவுவதற்குத்தான் வண்டி வரும் என்பது அவர்கள் அனுபவம். நான்கு பக்கமும் நுரை ஏறியது. கண்ணாடி முழுக்க வெள்ளையாகி வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் குரல் மட்டும், "நீங்கள் அழகான காட்சி முனையில் இருக்கிறீர்கள்" என்றது.

மனைவி அந்த நுரையைப் பார்த்தபடியே கேட்டாள். "உங்க ஆபீஸ்ல இருந்துகிட்டே எங்க ஊரை எப்படிங்க விட்டீங்க?"

கத்தரிக்கோலார் தொண்டையைச் செருமினார். "இது நம்ம கைக்கு வராம நடந்திருக்கும். யாரோ புதுசா சேர்ந்தவங்க தெரியாம எடுத்திருப்பாங்க. இப்பவே கேக்கறேன், பாரு."

கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் சக ஊழியருக்குப் போன் போட்டார். போன் போட்டால் காரின் ஸ்பீக்கரில் பேசும் என்பது அவருக்கு எப்போதும் தெரிந்த விஷயம், அந்த நேரத்தைத் தவிர.

"சொல்லு கத்தரிக்கோலு" என்றது கார்.

மனைவி கணவரைப் பார்த்தாள்.

"இல்லப்பா, நம்ம மேப்ல எங்க மாமனார் ஊர் ரொம்பப் பொடிசா போயிருக்கு. எடுத்தது யாருன்னு பாரு."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நீதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுப்பா. வேற யாராவது—"

"நீதான்யா. பெட்ரோல் கிடையாது, டீ கிடையாது, வண்டியை நிறுத்தவே ஒரு காரணம் கிடையாதுன்னு சொல்லிச் சிரிச்சியே. வீட்டுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவான்னு எனக்குக் காபிகூட வாங்கிக் கொடுத்தியே. என்ன, வீட்டுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"இப்பத்தான் தெரிஞ்சுது."

வேறு யாரோ பேசுவதுபோன்ற பணிவான குரலில், "வணக்கம் மேடம்" என்றது கார்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பேசினால் அது எங்கே போய் முடியும் என்று கத்தரிக்கோலாருக்கு ஓரளவு தெரியும். பேசாமல் இருப்பது எங்கே போய் முடியும் என்று அவருக்கு மட்டுமல்ல, எந்தக் கணவனுக்கும் தெரிந்ததில்லை.

"உடனே அந்த ஊரைத் திரும்பப் போடு" என்றார் காரிடம். "பெரிசாப் போடு."

"எவ்வளவு பெரிசா?"

மனைவியின் பின்னந்தலையைப் பார்த்தார். "இருக்கறதுலயே பெரிசு எதுவோ அது."

"அது தலைநகருக்கு மட்டும்தான்யா."

"போடுய்யா."

திரை ஒருமுறை இருண்டு, பழைய தூரத்துப் பார்வையோடு விடிந்தது. இப்போது அதில் இரண்டே ஊர்கள் இருந்தன. ஒரு முனையில் தலைநகர், நடுவில் மாமனார் ஊர். பெரிய பெயர் வந்தால் சின்னப் பெயர்கள் ஒதுங்கிக்கொள்ளும் என்பது கத்தரிக்கோலாரே எழுதி வைத்த விதி. கூட்டுரோடு ஒதுங்கியது. அணைக்கட்டு ஒதுங்கியது.

மனைவி மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"உங்க ஊர் போயிடுச்சே" என்றாள். குரலில் லேசாக இரக்கம் இருந்தது.

"போகட்டும். அங்க யார் இருக்கா, எங்க அண்ணன்தானே."

அவள் சிரிப்பை அடக்கியது அவருக்குத் தெரிந்தது. அன்று காலையிலிருந்து முதல் முறையாக முதுகைச் சீட்டில் சாய்த்தார். சொந்த ஊரைக் கொடுத்து ஒரு சிரிப்பை வாங்கியதில் தனக்கு லாபம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நினைப்பு அடுத்த வளைவு வரை இருந்தது.

தலைநகர் அளவுக்கு ஓர் ஊரைப் போட்டால் இயந்திரம் அதை எழுத்தாக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, உண்மையாகவே நம்பிவிடுகிறது. அவ்வளவு பெரிய ஊர் என்றால் தங்குமிடம், மருத்துவமனை, விடிய விடியச் சாப்பாடு, எல்லாம் இருந்தே தீரும் என்று தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. நெடுஞ்சாலையில் போகிற ஒவ்வொரு வண்டியிலும் அதே பெண்குரல் கனிவாகக் கேட்டது: "களைப்பாக இருக்கிறீர்களா? ஓய்வெடுக்க ஏற்ற பெருநகரம் முன்னால் உள்ளது."

நெடுஞ்சாலையில் களைப்பில்லாதவர் யார்?

ஊருக்குப் பிரியும் ஒற்றைச் சாலையில் வண்டிகள் பொம்மை ரயில்போல் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. சுற்றுலாப் பேருந்து ஒன்று. காற்றாலையின் ஒரே ஒரு இறக்கையைச் சுமந்துகொண்டு, வளையவும் முடியாமல் திரும்பவும் முடியாமல், ஒரு நீள லாரி. பக்கத்து வண்டியில் புதுமணத் தம்பதி. மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினார்.

"சார், இந்த சிட்டியில பெரிய மால் எந்தப் பக்கம்?"

"மால் இல்லைங்க. ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருக்கு" என்றாள் கத்தரிக்கோலார் மனைவி பெருமையாக. "ஆனா அந்தக்கா மத்தியானத்துல மூடிடுவாங்க."

வண்டி நத்தையாக நகர்ந்தது. கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்தது. கத்தரிக்கோலார் தைரியம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பழைய விஷயம், வீட்ல சொல்ல வேண்டாமே."

"அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."

"அப்பாடா."

"அம்மாகிட்ட சொல்லிடுவேன். அம்மாகிட்ட நான் எதையும் மறைச்சதில்ல."

"அத்தை மாமாகிட்ட சொல்வாங்களே."

"அது அவங்க புருஷன் பொண்டாட்டி விஷயம். அதுல நான் தலையிட முடியாது."

வீட்டு வாசலில் மாமனாரின் கார் நின்றது. நாலு கதவும் திறந்து கிடந்தன. திரை எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி முன்பின் தெரியாத பயணிகள் நிற்க, மாமனார் நடுவில் நின்று தபால் நிலையம் கட்டிய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அடிக்கல் நாட்டிய கட்டம் முடியும் வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"வாங்க மாப்ளே" என்று மாமனார் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா? தலைநகர், அடுத்தது நாம. நடுவுல ஒருத்தன் இல்ல. உங்க கம்பெனியில யாரோ விஷயம் தெரிஞ்ச ஆள் இருக்கான்."

"இருக்காங்க மாமா."

"அவனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்க. இவ்வளவு பேர் நம்ம ஊரை நம்பி வந்திருக்காங்க, ரோட்ல நிக்க வைக்கலாமா? எல்லாரையும் உள்ள கூப்பிட்டுட்டேன்."

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தெரியாதவர்களின் முழங்கால்களுக்கு நடுவே கத்தரிக்கோலார் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டார். எதிரே சமையலறை தெரிந்தது. மனைவி உள்ளே போனாள். மாமியாரின் காதருகே குனிந்தாள். நிறையப் பேசினாள். நடுவில் ஒருமுறை கத்தரிக்கோலால் வெட்டுவதுபோல் இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினாள்.

மாமியார் தலையை நிமிர்த்தி மருமகனைப் பார்த்தார். கையில் கரண்டி இருந்தது. கரண்டியாலேயே வா என்றார்.

கூடத்தைக் கடந்து போவதற்குள் அவர் மன்னிப்பை மூன்று விதமாகத் தயாரித்துக்கொண்டார். உள்ளே போனதும் மாமியார் மகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அடுப்பில் இருந்த பாத்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே மாமனாரின் வரலாறு இரண்டாவது தபால்பெட்டிக்கு வந்திருந்தது.

"ஊரை மேப்புல இருந்து எடுத்தது நீங்கதானா?"

"நான்தான் அத்தை. தப்புதான். வேணும்னு பண்ணலை, அந்த இடத்துல—"

மாமியார் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ரோட்ல போற சொந்தக்காரங்க அத்தனை பேரும் திரையில நம்ம ஊர் பேரைப் பாத்ததும் வண்டியைத் திருப்பிடுவாங்க மாப்ளே, இந்த ஆறு மாசமாத்தான் ஒரு ஆளும் வராம நான் மத்தியானம் கண்ணை மூடிப் படுத்தேன், இவங்கெல்லாம் கிளம்பினதும் பழையபடி எடுத்துடுங்க, மாமா வண்டியில மட்டும் இருந்துட்டுப் போகட்டும்."