தொடாமல் கற்றுக்கொள்

கல்வியைத் திருத்த வந்த தொழிலதிபர் என்றொரு இனம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கல்லை விட்டெறிந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழும். அவரும் தலையைத் தடவிக்கொண்டே, எறிந்தவனுக்குப் பயிற்சி போதவில்லை என்பார்.

நம் துலுக்கானத்தைப் பாருங்கள். வால்வு செய்யும் பட்டறைக்கு முதலாளி. கையில் மைக் கிடைத்தால் போதும், பள்ளிக்கூடம் சரியில்லை, பாடம் சரியில்லை, பன்னிரண்டாவது வரை படித்த பிள்ளைக்கு ஒரு நட்டை முடுக்கத் தெரியவில்லை, எங்களிடம் விடுங்கள், ஒரே வருடத்தில் ஆளாக்கிக் காட்டுகிறோம் என்று பொழிந்து தள்ளிவிட்டு, பொன்னாடையோடு மேடையிலிருந்து இறங்கும்போது அவருக்கே கண் கலங்கிவிடும். மனிதர் நடிக்கவில்லை. அதுதான் வேடிக்கை.

அப்படியொரு பேச்சைக் கேட்டுத்தான், பிளஸ் டூ முடித்த கவிப்பிரியா வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்து அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தாள். வருடக் கடைசியில் தேர்வு. தேறினால் நிரந்தர வேலை. அப்பாவுக்கு வேலை போன வீடு அவளைத்தான் நம்பியிருந்தது.

பயிற்சிக்கென்றே துலுக்கானம் புது மெஷின் வாங்கியிருந்தார். அதன் பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிக்கவில்லை. பிரித்தால் தூசி படியாதா? ஆயுத பூஜைச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உறைக்கு மேலேதான். விருந்தினர் வந்தால் கவிப்பிரியா ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போட்டோவுக்காக அதன் பக்கத்தில் நிற்பாள். மற்ற நேரமெல்லாம் வால்வுகளை அட்டைப்பெட்டியில் அடுக்குவாள். ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டாள்.

"சார், மெஷின ஒருவாட்டி ஓட்டிப் பாக்கட்டா?"

"கெட்டுப்பூடும்மா. மொதல்ல நல்லா கத்துக்கோ, அப்பால தொடலாம்."

"தொடாம எப்டி சார் கத்துக்கறது?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை என்று அடுத்த கூட்டத்தில் பேசினார்.

தேர்வு நாளன்று உறையைப் பிரித்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் கவிப்பிரியா நின்றாள். துலுக்கானம் நிஜமாகவே வருந்தினார். வருந்திக்கொண்டே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த ஞாயிறே முகப்பேரில் ஒரு மண்டபத்தில் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு வருசம் எங்க பட்டறைலயே இருந்த பொண்ணு, மெஷின ஆன் பண்ணத் தெர்ல. நம்ம பள்ளிக்கூடத்துல இன்னாதான் சொல்லிக் குடுக்கறாங்க?"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் மகள் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டாளே, என்ன சொன்னீர்கள்? ஓட்டக் கற்றுக்கொண்டு வா, பிறகு தருகிறேன் என்றுதானே?