ஓடாத ட்ராமில் இடம் பிடித்தவர்

மனிதன் போய்ச் சேருவதற்காக உட்காருகிறானா, உட்காருவதற்காகத்தான் புறப்படுகிறானா? செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த சொக்கலிங்கத்தைக் கொஞ்ச காலம் கவனித்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. அவரிடமே கேட்டால், "மொதல்ல எடத்தப் புடி. யோசிக்கிறத உக்காந்துகினு யோசிக்கலாம்" என்பார். தடிமனான தத்துவ நூல்களில்கூட இதைவிடத் தெளிவான பதில் அகப்படுவதில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவர் இடம்பிடிப்போர் இனத்தைச் சேர்ந்தவர். இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் காலை மிதித்துக்கொண்டுதான் அது முன்னேறியிருக்கும். திருவண்ணாமலையிலிருந்து வரும் பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே, இடக்கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, வலக்கையில் துண்டைச் சுருட்டிக்கொண்டு, வண்டிக்கு இணையாக ஓடி, எந்த ஜன்னலில் வெயில் விழாது என்று ஒரு கண்ணால் கணித்து, போட்டிக்கு எவன் வருகிறான் என்று மறு கண்ணால் வேவு பார்த்து, இறங்குகிறவர்களின் தலைக்கு மேலாகவும் கண்டக்டரின் வசவுக்குக் கீழாகவும் ஒரு வீச்சு வீசுவார். துண்டு விழும். தீர்ந்தது. இனி அங்கே அவர் இருக்கிறார். உடம்பு மெதுவாக வந்தால் போதும்.

பஸ்ஸோடு நின்றுவிடுகிற திறமையா அது? கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, மோருக்கு வந்துவிட்டாரா என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். அந்தப் பார்வையின் சூடு தாங்காமல் பாயசத்தைப் பாதியில் விட்டு எழுந்தவர்கள் உண்டு. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் செருப்பை அமர்த்திவிட்டு டீ குடிக்கப் போவார். ரேஷன் கடை வரிசையில் அவருக்குப் பதிலாக ஒரு செங்கல் நிற்கும். ஒருமுறை விருந்தாளியைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனவர், பிடித்த இடம் அபாரமாக அமைந்துவிட்டதால் எழுந்திருக்க மனம் வராமல், தீவனூர்வரை தானே போய்த் திரும்பினார். விருந்தாளி பக்கத்தில் நின்றுகொண்டு போனார்.

இந்த இனத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நாம் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். கைக்குட்டையைவிடத் துண்டு வலிது. செய்தித்தாளைவிடக் கைக்குட்டை வலிது. ஈரத்துண்டைத் தொட யாரும் துணியமாட்டார்கள் என்பதால் அது எல்லாவற்றிலும் வலிது. ஜன்னலைவிட வாசல் வலிது. சரி, ஜன்னல் வழியாக வந்த துண்டும் வாசல் வழியாக வந்த கைக்குட்டையும் ஒரே இருக்கையில் ஒரே நொடியில் விழுந்தால்? சட்டம் வாயை மூடிக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் சொக்கலிங்கத்தின் குடும்பம் இரண்டாகப் பிளந்தது.

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில், திரும்பி வரும் பஸ்ஸில் அது நடந்தது. துண்டு சொக்கலிங்கத்துடையது. கைக்குட்டை அவருடைய அக்காள் கண்ணம்மாளின் கணவர், திண்டிவனத்து இராமச்சந்திரனுடையது. யாருடையது முன்னால் விழுந்தது என்ற வாக்குவாதம் முற்றி, இராமச்சந்திரன் துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். அது சேற்றில் விழுந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு, ஆண்டுகள் போயும் தொடங்கவில்லை. கண்ணம்மாளின் மகன் வெங்கடரமணனுக்குச் சொக்கலிங்கத்தின் மகள் மனோரமா என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவான பேச்சு. அதுவும் நின்றது.

"ஊர்ல பொண்ணுங்களுக்கு ஜாதகம் சேரலன்னு கல்யாணம் நிக்கும். எம்பொண்ணுக்குத் துண்டு சேரல" என்றாள் சொக்கலிங்கத்தின் மனைவி வேதநாயகி.

இதற்குள் வெங்கடரமணனுக்கு விழுப்புரத்தில் வேறு பெண் பார்க்கிறார்கள் என்ற செய்தி வந்தது. தை பிறந்தால் போய் வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவார்களாம். சொக்கலிங்கம் போய்ப் பேசலாமே? "நான் அவரு ஊட்டுப் படி ஏறணுமா? அவரு வரட்டும்." அங்கேயிருந்தும் இதே வாக்கியம் திரும்பி வந்தது. ஒரே இனம் அல்லவா?

வழி சொன்னவர் பழைய இரும்பு வியாபாரி ஜகபர் அலி. பட்டணத்தில் ட்ராம் நின்றபோது ஏலத்தில் எடுத்த இரண்டு வண்டிகளை, உடைத்து விற்க மனம் வராமல், தன் இரும்புக் கிடங்கின் முற்றத்தில் தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தி, 'பட்டணத்து ட்ராம் காட்சிசாலை' என்று பலகை மாட்டியிருந்தார். ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கிய வெளியூர்க்காரர்கள், கால்வலிக்கு அதில் உட்கார்ந்து வரலாறு பார்த்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர்கள் வரமாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதை எவன் பார்ப்பான்?

"அண்ணே, அவரு ஊட்டுக்கு நீங்க போவ மாட்டீங்க, உங்க ஊட்டுக்கு அவரு வரமாட்டாரு. என் ட்ராமு யாரு ஊடும் இல்ல. அதுல வந்து பேசி முடிங்க" என்றார் ஜகபர் அலி.

திண்டிவனத்துக்கும் அவரே சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு. புறப்படும்போது மனோரமா வாசலில் நின்று, "நைனா, பேசிட்டு வாங்க. எடம் புடிச்சிட்டு வராதீங்க" என்றாள். சொக்கலிங்கம் அவமானப்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். அவருக்கே தன்னைப் பற்றித் தெரியாதா? தெரியும். இருமல்காரனுக்கு இருமல் தெரியாதா? அதைப்போல.

முற்றத்தில் ட்ராம் காலியாக நின்றது. கதவுகள் திறந்து கிடந்தன. சுற்றிலும் ஜகபர் அலியைத் தவிர ஓர் ஆள் இல்லை. சொக்கலிங்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மலைக்காற்று வரும் பக்கம், நடுவில், ஒரு ஜன்னல். கை தானாகத் தோளுக்குப் போயிற்று.

துண்டு விழுந்தது.

"அண்ணே, கதவு தொறந்துதான் இருக்குது. உள்ள யாருமே இல்ல" என்றார் ஜகபர் அலி.

"இருக்கட்டும் பாய். ஒரு பந்தோபஸ்துக்கு."

"இன்னாங்க இது? நவுராத வண்டிங்க" என்றாள் வேதநாயகி.

"நவுராட்டி இன்னாடி? எடம் எடந்தானே?"

இதற்கு வேதநாயகி பதில் சொல்வதற்குள் ட்ராமுக்கு அந்தப் பக்கம் குதிரை வண்டி வந்து நின்றது. கண்ணம்மாள் இறங்கினாள். பின்னால் இராமச்சந்திரன். அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இரண்டு எட்டு நடந்தார், காற்று எந்தப் பக்கம் என்று மோந்து பார்ப்பவர் போல முகத்தைத் தூக்கினார், சட்டைப் பையில் கையை விட்டார். எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு வெள்ளைக் கைக்குட்டை பறந்து வந்து, நேராகச் சொக்கலிங்கத்தின் துண்டின்மேல் அமர்ந்தது.

இரண்டு வண்டிகளிலும் சேர்த்து, கிடங்கிலிருக்கும் சைக்கிள் சட்டங்களை விடவும் அதிகமாக இருக்கைகள் கிடந்தன. அவை யாருக்கு வேண்டும்?

"யப்பா!" என்று தலையில் கைவைத்தாள் கண்ணம்மாள். "ரெண்டு ஆம்பளைங்களும் காலமெல்லாம் எடம் புடிக்கிறீங்க. அந்த எடத்துல நான் ஒருநாளு உக்காந்து பாத்திருக்கீங்களா?"

சொக்கலிங்கத்தின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் ஜன்னலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை மேலே. துண்டு கீழே. இம்முறை ஐயத்துக்கு இடமே இல்லை. சாட்சிக்கு ஜகபர் அலி வேறு. சட்டம் முழுவதுமாக, ஒரு நூல் பிசகாமல், அவர் பக்கம் இருந்தது. மேல்மலையனூர்ச் சேறு அன்றைக்குத்தான் துண்டிலிருந்து காய்ந்து உதிர்ந்ததுபோல் இருந்தது அவருக்கு.

இராமச்சந்திரனும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, பேசாதிருப்பவரிடம் பேசக்கூடாது என்பதால், தகரக் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "துண்டு கீழதான் இருக்குது. அத நான் இல்லன்னு சொல்லல."

இடம்பிடிப்போர் வரலாற்றில் இப்படியொரு வாக்குமூலத்தை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் சொக்கலிங்கத்தைப் பார்த்தார்கள். இனி அவர் ஏறி உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்து, அப்படி ஒரு பார்வை பார்த்தால், கைக்குட்டைக்காரர் குதிரை வண்டிக்குத் திரும்பிவிடுவார், நேரே விழுப்புரம். வேதநாயகிக்கு அது தெரிந்தது. புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில், 'நியாயப்படி துண்டுக்காரருக்குத்தானே சேரவேண்டும்' என்று உங்களுக்குள் ஒரு குரல் எழுந்திருக்கும். கவலைப்பட வேண்டாம், எங்களுக்கும் எழுந்தது. ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணம் அந்தரத்தில் நிற்கும்போது துண்டுக்காக வாதாடிய குரல் அது. அதைக் கொஞ்சம் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பஸ்ஸில் உங்களுக்கு முன்னால் ஏறப்போவது அதுதான்.

சொக்கலிங்கம் ட்ராமில் ஏறினார். நடைவழியில் நடந்தார். துண்டு கிடந்த இருக்கைக்கு வந்தார். நின்றார். "அக்கா, ஏறி வா. காத்து வருது இங்க" என்றார். பிறகு அதைத் தாண்டி, மற்ற காலி இருக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டி, வண்டியின் முன்முனைக்குப் போனார். அங்கே ஓட்டுநரின் இடம். ட்ராம் ஓட்டுகிறவன் நின்றுகொண்டே ஓட்டுவான். அங்கே இருக்கை என்று ஒன்று கிடையாது.

கண்ணம்மாளும் வேதநாயகியும் துண்டின் மேலும் கைக்குட்டையின் மேலுமாக உட்கார்ந்தார்கள். இராமச்சந்திரன் வேறொரு பலகையில் உட்கார்ந்து, கூரையைப் பார்ப்பதை நிறுத்தி, "இன்னா மச்சான், தைல வெச்சிக்கலாமா?" என்றார்.

"வெச்சிக்கலாம் மாமா" என்றார் சொக்கலிங்கம், திரும்பாமல்.

காற்றுக்காகப் போனார் என்றாள் வேதநாயகி. காலடியில் இருந்த மணியை மிதித்துப் பார்க்க ஆசை என்றார் ஜகபர் அலி. உட்கார்ந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றார் இராமச்சந்திரன். சீர் பேசி, நாள் பார்த்து, ஜகபர் அலி வரவழைத்த டீயும் ஆறிப்போகும்வரை, அத்தனை இருக்கைகள் காலியாகக் கிடந்த அந்த வண்டியில் சொக்கலிங்கம் நின்றுகொண்டே இருந்தார்.