இப்போதைக்குத் தண்ணீரிலேயே இருக்கட்டும்

'இப்போதைக்கு சார்' என்று எல்லோரும் அழைத்தவர் ஓய்வு பெற்றுக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பேச வேண்டியவர்கள் பேசி, பேச வேண்டாதவர்களும் பேசி முடித்து, கேக் தீர்ந்து, நாற்காலிகளை மடக்கத் தொடங்கிய பிறகு அவர் தன் குடையையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டார். அறை மூலையில் இருந்த பெரிய அட்டைப்பெட்டியை மட்டும் எடுக்கவில்லை.

"இது இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும்மா. அப்புறமா வந்து எடுத்துக்கறேன்" என்றார், தன் இடத்துக்கு வரவிருந்த உதவிப் பொறியாளரிடம்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிவுத் துயரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வார்த்தையை இனிக் கேட்கவே வேண்டாம் என்ற ஆனந்தம்.

சாரை ஒரு தனி ஆள் என்றும் நினைத்துவிடாதீர்கள். அது ஓர் இனம். உங்கள் அலுவலகத்திலும் ஒன்று உண்டு, உங்கள் மாடியிலும் ஒன்று குடியிருக்கும். இந்த இனத்தார் எதையும் மறுக்க மாட்டார்கள். 'முடியாது' என்பவனோடு சண்டை போடலாம், மேலிடத்துக்குப் போகலாம். 'செய்யலாம்மா, கண்டிப்பா செய்யணும், ஆனா இப்போதைக்கு...' என்பவரோடு என்ன செய்வது? பஞ்சு மூட்டையைக் குத்தின கதைதான். மூட்டைக்கு ஒன்றும் ஆகாது, கைதான் ஓய்ந்துபோகும்.

சாருடைய வீட்டுக்கு ஒருமுறை போனால் போதும், இனத்தின் குணம் புரிந்துவிடும். குழாயில் துணி சுற்றியிருக்கும், துணி நனைந்ததால் அதன்மேல் பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கும், பை கிழிந்ததால் அடியில் ஒரு வாளி, வாளி நிறைந்தால் ஊற்ற இன்னொரு வாளி, அந்த வாளிக்கு இடம் வேண்டுமென்று நடையில் இருந்த செருப்பு அலமாரி கூடத்துக்கு வந்து, அலமாரிமேல் டிவி ஏறி, குடும்பமே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வாழ்ந்துகொண்டிருக்கும். எல்லாம் இப்போதைக்குத்தான்.

"கல்யாணத்தப்பவே 'இப்போதைக்குச் சரி'ன்னுதான் சொன்னாரு" என்பார் அவர் மனைவி. "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

வீட்டில் வாளியோடு போயிற்று. சாரின் பொறுப்பில் இருந்ததோ அணுமின் நிலையத்தின் குளம்.

உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கட்டுகளை வெளியே எடுத்தால் அவை சும்மா கிடக்காது, கொதிக்கும், கதிர்வீசும். அதனால் ஆழமான தொட்டியில் நீருக்கடியில் நிறுத்திவைப்பார்கள். பம்புகள் ஓடிக்கொண்டே இருந்து நீரைக் குளிரவைக்கும். சில வருடங்களில் சூடு தணிந்ததும் எடுத்து, காங்கிரீட்டும் இரும்புமாகச் செய்த பெரிய பீப்பாய்களில் அடைத்து, வெளியே மேடையில் உலர்வாக நிறுத்த வேண்டும். அதுதான் ஏற்பாடு. குளம் கட்டியவர்கள் அதைக் காத்திருக்கும் அறையாகத்தான் கட்டினார்கள். சார் காலத்தில் அது கூட்டுக் குடும்பமாகிவிட்டது.

இடம் போதவில்லை என்றபோது என்ன செய்தார்? பேருந்தில் மூவர் இருக்கையில் நான்காமவர் 'கொஞ்சம் நகருங்களேன்' என்பாரே, அதைச் செய்தார். கட்டுகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை நெருக்கமாக மாற்றி, நடுவே தடுப்புத் தகடு செருகி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நெருக்கினார். விதிக்கு உட்பட்டுத்தான். இந்த இனம் விதியை மீறாது. விதியின் கடைசி ஓரத்தில் பாய் விரித்துப் படுத்துவிடும்.

உதவிப் பொறியாளருக்குத்தான் தூக்கம் போயிற்று. குளத்தில் எப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். உலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்குள் இருப்பதை முழுக்க எடுத்துவைக்க வேறு போக்கிடம் கிடையாது. அடுத்த தடவை உலையை நிறுத்தி எரிபொருள் மாற்றும்போது அந்த இடமும் போய்விடும். அவளுடைய அக்கா வீடு நிலையத்தின் மதிலுக்கு வெளியே, இரண்டாவது தெருவில் இருந்தது.

"சார், பம்ப் நின்னுபோச்சுன்னா?"

"ரெண்டாவது பம்ப் இருக்கேம்மா."

"அதுவும் நின்னா?"

"ஏம்மா, காலங்காத்தால நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

பீப்பாய்கள் எப்போதோ வந்து இறங்கிவிட்டன. ஆண்டுதோறும் வெறும் பீப்பாயைக் குளத்தில் இறக்கி, தூக்கி, மூடி, மறுபடி திறந்து ஒத்திகை நடக்கும். சார் கைதட்டுவார். எல்லோரும் தேநீர் குடிப்பார்கள். பீப்பாய் கொட்டகைக்குத் திரும்பும். மழைக்காலத்தில் அதன்மேல் யாராவது நனைந்த ரெயின்கோட்டைக் காயப்போடுவார்கள்.

"ஒத்திகை பார்த்தே எனக்குத் தலை நரைச்சுப்போச்சு மேடம்" என்றார் கிரேன் ஓட்டுபவர். "நாடகம் எப்போ?"

"கேட்டுட்டேண்ணே. 'இப்போதைக்கு' வேண்டாமாம்."

"அப்போ என் பையனைக் கிரேனுக்குப் பழக்கிடறேன். அவன் காலத்துல நடக்கும்."

அன்று கூட்ட அறையில் அவள் கண்ணில் ஒன்று பட்டது. மேசையின் உடைந்த காலுக்கு ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார்கள், தற்காலிகமாக. புது மேசை வாங்கலாம் என்ற பேச்சை சார் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டார். ஆனால் செங்கல் வைத்த அன்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன்? அவளுக்குப் பளிச்சென்றது. இந்த இனம் வேலைக்குப் பயப்படுவதில்லை, 'நிரந்தரம்' என்ற சொல்லுக்குத்தான் பயப்படுகிறது. அவளோ இத்தனை நாளும் 'நிரந்தரமாக மாற்றிவிடுவோம்' என்றே கெஞ்சிக்கொண்டிருந்தாள்!

மறுநாள் காலை அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், எரிபொருளைக் குளத்துலேர்ந்து நிரந்தரமா மாத்தவே வேண்டாம்."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு அருள்.

"இப்போதைக்கு ஒரே ஒரு பீப்பாயை ரொப்பி வெளியே வெச்சுப் பார்ப்போம். சரிப்படலைன்னா திரும்பத் தண்ணிக்குள்ளேயே இறக்கிடலாம்."

"இப்போதைக்குத்தானே?"

"இப்போதைக்குத்தான் சார்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா!"

நடந்துவிட்டது. பீப்பாயின் உட்கலம் நீரில் இறங்கியது. கட்டுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள்ளேயே அதற்குள் போயின. மூடி இறங்கியது. கிரேன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். மேலே வந்ததும் நீரை வடித்து, ஈரம் போக்கி, மூடியைப் பற்றவைத்து, அளவுகளைச் சரிபார்த்து, காங்கிரீட் கூட்டுக்குள் இறக்கி, வெளியே கொண்டுபோய் மேடையில் நிறுத்தும்வரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிறுத்தியதும்? ஒன்றுமில்லை. கூட்டின் கீழ்த் துளையில் காற்று நுழைந்தது, மூடிய கலத்தைச் சுற்றிவந்து மேல் துளையில் வெதுவெதுப்பாக வெளியேறியது. பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

சார் வேலிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தார். "பரவாயில்லையே! அது பாட்டுக்கு நிக்குதே!" என்றார். குரலில் மரியாதை. ஒன்றும் செய்யாமல் ஒரே இடத்தில் நிற்கும் பொருளைவிட அவருக்கு நெருக்கமான உறவு உலகில் எது?

"இப்போதைக்கு இன்னொன்னு வெச்சுக்கலாமா?" என்று அவரே கேட்டார்.

அப்படியே குளத்தில் இடம் பிறந்தது. அவளுக்குத் தூக்கமும் வந்தது. பிரிவு விழாவில் சார் ஒலிவாங்கியைப் பிடித்து, "ஆரம்பத்திலேர்ந்தே நான் இதைத்தான் சொல்லிட்டு வந்தேன்" என்றார். கிரேன்காரர் இருமினார். கூட்டம் கைதட்டியது.

வருடங்கள் ஓடின. இப்போது அந்த நாற்காலியில் அவள். மேடையில் பீப்பாய்கள் வரிசையாக நிற்கின்றன. அதுவும் கடைசி இடமில்லை. பூமிக்கடியில் ஆழமாக ஒரு கிடங்கு வெட்டி அங்கே கொண்டுசேர்க்கும்வரைதான் மேடை. சென்ற மாதம் புதிதாக வந்த பொறியாளர் பெண் கதவைத் தட்டினாள்.

"மேடம், ஆழக் கிடங்கு விஷயமா மேலே எழுதலாமா? பீப்பாய்க்கும் ஆயுசு இருக்கில்ல?"

"எழுதலாம்மா. கண்டிப்பா எழுதணும். ஆனா இப்போ..."

வாய் பாதியில் நின்றது. பார்வை மூலைக்குப் போயிற்று. சாரின் அட்டைப்பெட்டி அங்கேயே இருந்தது. அதன்மேல் அவளுடைய செடித்தொட்டி ஒன்றும், தொட்டிக்குக் கீழே ஒரு தட்டும்.

"இப்போ என்ன மேடம்?"

"இப்போ... ஒரு மீட்டிங் இருக்கு. அப்புறமா வாயேன்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் குழாயில் என்ன சுற்றியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பார்க்கவேண்டிய அந்த டாக்டரைப் பார்த்தாயிற்றா என்றும் கேட்கவில்லை. இப்போதைக்குக் கேட்கவில்லை.

நேற்று அவள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது, அத்தனை வருடங்கள் கழித்து, சாரிடமிருந்து:

"ஏம்மா, டிவியில நம்ம பீப்பாயெல்லாம் காட்டினாங்க. இன்னுமா அங்கேயே நிக்குது? இத்தனை வருஷமா என்னதான் பண்ணிட்டிருக்கீங்க? பொறுப்பு வேண்டாமா? அப்புறம், என் அட்டைப்பெட்டி பத்திரமா இருக்கில்ல? இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்."