வாத்தியார் முதுகில் நான்கு பேர்

வலது பக்கம் வலி என்று சொன்னோமா, இடது பக்கம் என்று சொன்னோமா என்பது பூகோள வாத்தியாருக்குச் சுத்தமாக மறந்துபோய்விட்டது.

கூடத்து மெத்தையில் குப்புறக் கிடந்தபடி யோசித்துப் பார்த்தார். காலையில் "ஐயோ, முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று அலறியபோது கை எந்தப் பக்கம் போனது? நினைவில்லை. பொய் வலியில் இதுதான் தொல்லை. நிஜ வலி என்றால் அது பாட்டுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் மச்சினனின் இரும்பு பீரோவால் வந்த வினை. அவன் வாத்தியார் குடியிருக்கும் அதே கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு இன்று குடிவருகிறான். லிஃப்ட் பழுது. "மாமா இருக்கும்போது எனக்கென்ன கவலை?" என்று பத்து நாளாகவே சொல்லிக்கொண்டு திரிந்தான். பீரோ மேலே ஏறுகிற வரைக்கும் முதுகு வலித்தால் போதும், அப்புறம் தானாகச் சரியாகிவிடும் என்பது வாத்தியாரின் திட்டம்.

மனைவி பதறுவாள், தைலம் தடவுவாள், நாள் முழுக்கத் தாங்குவாள் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார். அவளோ, "கவலைப்படாதீங்க, தெரிஞ்ச மசாஜ் சென்டர்ல இருந்து ஆள் வருது" என்றாள்.

ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பேர். கூடவே மூக்குக்கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள். அவர் யாரோடும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்துக்கொண்டார்.

"நாலு பேரு எதுக்கு?" என்றார் வாத்தியார், கலக்கத்துடன்.

"ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு முறையாம். ஒண்ணுல கேக்கலைன்னா இன்னொண்ணு."

முதலாமவர் எண்ணெய் ஆசாமி. வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றி, இரண்டு உள்ளங்கையாலும் நீவினார். அப்படி ஒரு சுகத்தை வாத்தியார் ஜன்மத்தில் கண்டதில்லை. 'ஆ' என்று முனக வேண்டிய இடத்தில் 'ஆகா' என்று வந்துவிட்டது. கண் வேறு சொருகியது.

"தேவலையா மாமா?" வாசலில் மச்சினனின் தலை தெரிந்தது. "பீரோ கீழ ரெடியா நிக்குது."

தூக்கம் பறந்தது. "எங்கப்பா, இன்னும் குத்துது!"

"அப்ப அடுத்தவர் வாங்க" என்றாள் மனைவி.

அடுத்தவர் கட்டைவிரல் ஆசாமி. முதுகைத் திரும்பியே பார்க்காமல் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "உள்ளங்கால்ல மொத்த உடம்போட மேப்பும் இருக்கு சார். அமுக்குற இடத்துல வலிச்சா சொல்லுங்க."

மேப் என்றதும் வாத்தியாருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நடுப்பாதம்தான் முதுகாக இருக்க வேண்டும் என்று அவராகவே தீர்மானித்து, விரல் அங்கே வந்ததும், "அம்மாடி! அங்கதான்!" என்று கத்தினார்.

"இது முதுகு இல்ல சார், வயிறு."

"வயிறும் வலிக்குதா? என்கிட்ட சொல்லவே இல்லையே!" மனைவியின் குரலில் பதற்றம் இருந்தது. "அப்ப ராத்திரிக்கு வெறும் கஞ்சிதான். அடுத்தவர் வாங்க."

வாத்தியாருக்கு நிலைமை மெல்ல விளங்கியது. சரியாகிவிட்டது என்றால் பீரோ. சரியாகவில்லை என்றால் அடுத்தவர். நோட்டு அம்மாள் எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஒரு பெண். ஒல்லியாக, சிரித்த முகமாக இருந்ததால் வாத்தியார் கொஞ்சம் நிம்மதிப்பட்டார். அந்தப் பெண் அவருடைய வலது காலை எடுத்து இடது தோளுக்குக் கொண்டுபோனாள். இடது கையை எடுத்து எங்கோ கொண்டுபோனாள். அதன் பிறகு எது எங்கே இருக்கிறது என்று வாத்தியாருக்கே பிடிபடவில்லை. தம்முடைய குதிகாலை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க சார்."

"எது வழியா?"

இடுப்பில் ஒன்று, கழுத்தில் ஒன்று, தோளில் இரண்டு என்று சொடக்குகள் விழுந்தன. அவிழ்த்துப் போட்டபோது வாத்தியார் ஒரு முழம் நீண்டுவிட்டதுபோல உணர்ந்தார். இருந்தும் வீம்பு விடவில்லை. "இன்னும்... லேசா..." என்றார்.

நான்காமவர் எழுந்தார். அவர் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சம் பாதி மறைந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இவர் கை வைக்க மாட்டாரா?"

"காலாலதான் சார் செய்வேன். மேல ஏறி நடக்கிறது. பயப்படாதீங்க, முழு வெயிட்டையும் உங்க மேல வைக்க மாட்டேன்."

"மீதியை எங்கய்யா வைப்பே?"

பதில் வருவதற்குள் ஒரு பாதம் இறங்கியது. அடுத்த பாதம் இறங்குவதற்குள் வாத்தியார் உருண்டு எழுந்து நின்றார்.

"சரியாயிடுச்சு! சுத்தமா இல்ல! டேய் மச்சான், எங்கடா பீரோ?"

துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட, நான்கு நான்கு படியாகக் கீழே ஓடினார். பீரோவின் கீழ்முனையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். எண்ணெய்க் கையில் அது வழுக்கிக்கொண்டே இருந்ததால் மார்பாலும் மோவாயாலும் முட்டுக்கொடுத்தார். "மாமா, மெதுவா!" என்று மச்சினன் கெஞ்சியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று மாடியும் ஏற்றி, மூலையில் இறக்கி வைத்து, நிமிரப் பார்த்தார்.

நிமிர முடியவில்லை.

முதுகுக்குள் ஏதோ ஒன்று 'மடக்' என்றது. சுவரைப் பிடித்து, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து, மச்சினன் தோளைப் பிடித்து, குனிந்த வாக்கிலேயே வீடு வந்து சேர்ந்தார். நால்வரும் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"போகாதீங்க!" வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. "இப்ப வலிக்குது! இடது பக்கம், இடுப்புக்கு நாலு விரக்கடை மேல! சத்தியமா வலிக்குது! எண்ணெய்க்காரரே, கொஞ்சம் நீவி விடுங்க!"

எண்ணெய்க்காரர் இரண்டு கையையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மனைவி மும்முரமாக மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

நோட்டு அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முதல்முறையாக வாய் திறந்தார்.

"மன்னிக்கணும் சார், இவங்க இன்னும் ஸ்டூடண்ட்ஸ்தான், நிஜமா வலி இருக்கிறவங்க மேல கை வைக்கக் கூடாது, 'என் வீட்டுக்காரர் உடம்புல ஒரு வலியும் கிடையாது, ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தா குப்புறப் படுத்திருப்பார்'னு உங்க வீட்டம்மா போன வாரமே எழுதிக் கொடுத்ததாலதான் பரீட்சைக்கு உங்களை எடுத்துக்கிட்டோம்."