தகடு சாமியின் வக்கீல் நோட்டீஸ்

செவ்வாயும் வெள்ளியும் தவளக்குப்பத்தில் கடலூர் பஸ் நகராது. டிரைவர்கள் ஆரன் அடித்து ஓய்ந்துபோய்க் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வருவார்கள். யாரோ அமைச்சர் வருகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். சாட்சாத் தகடு சாமி அருள்வாக்கு சொல்லும் நாள் அது.

சாமியின் சொந்தப் பெயர் தெய்வசிகாமணி. முன்பு செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார். வியாபாரம் படுத்துவிட்டது. அடுத்தவன் வியாபாரம் ஏன் படுத்தது என்று சொல்வதுதான் படுக்காத வியாபாரம் என்று ஒருநாள் ஞானம் பிறந்தது. வீட்டில் ஓயாத சண்டையா? கடையில் ஈ ஓட்டுகிறீர்களா? பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறதா? எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். சாமி உங்கள் வீட்டுக்கே வருவார். வேப்பிலைக் கொத்தோடு வாசலில் உட்கார்ந்து மண்ணைத் தோண்டி ஒரு செப்புத் தகட்டை எடுப்பார். வைத்தவர் பெயர் அதில் ஆணியால் கீறியிருக்கும். செய்வினை வைக்கிறவர்கள்தான் எவ்வளவு நேர்மையானவர்கள்! பெயரும் ஊரும் எழுதிவிட்டுத்தான் போகிறார்கள்.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் துர்காவின் வாசலில் அப்படிக் கிடைத்த தகட்டில் இருந்த பெயர் ராஜாம்பாள்.

ராஜாம்பாள் வீராம்பட்டினத்துக்காரி. துர்காவுக்குப் பக்கத்துக் கடை. இருபத்திரண்டு வருஷமாக இருவரும் ஒரே ஐஸ் பெட்டியைப் பங்கு போட்டவர்கள். தகடு கிடைத்த மறுநாளே மார்க்கெட் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அவள் கை பட்ட மீனை வாங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். தினம் வாங்குகிறவர்கள்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். முதல்தரமான வஞ்சிரம் அவள் முன்னால் கண் சிவந்து நாறியது. வேறு தொழிலும் அவளுக்குத் தெரியாது.

உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை அவள். மீன் விலை எழுதும் பலகையில், சங்கராவுக்கும் கெளுத்திக்கும் கீழே, சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதினாள்: "தகடு சாமி சொல்றது பொய்." யாரோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். பத்தாம் நாள் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

பதினோரு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். பக்கத்துக்கு நாலு இடத்தில் தடித்த எழுத்தில் லைபல், லைபல், லைபல். மூட்டை தூக்குகிறவர்கள் அது ஜாமீனே கிடைக்காத கேஸ் என்றார்கள். பூக்காரம்மா, வீடு ஜப்தியாகும் என்று உச்சுக் கொட்டினாள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நாராயணசாமி மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பிரெஞ்சுக்காரன் காலத்தில் இதற்கு 'டிஃபமாஸியோன்' என்று பெயர் என்றார். அது சென்ட் பாட்டில் பெயர் மாதிரி இருந்ததால் யாரும் பயப்படவில்லை. லைபலுக்குத்தான் பயந்தார்கள். தகட்டுக்கு நடுங்கிய அதே கூட்டம் தாளுக்கும் நடுங்கியது. சாமி அந்த நோட்டீஸ் நகலைச் சட்டம் போட்டு மாட்டி, அதற்கும் ஒரு பொட்டு வைத்தாராம்.

நோட்டீஸில் கேட்டிருந்தது ஒன்றுதான். பதினைந்து நாளுக்குள் மார்க்கெட்டில் எல்லார் முன்னிலும் ராஜாம்பாள் கைகூப்பி மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டுத் தொலைத்துவிடு என்று துர்காகூடப் புத்தி சொன்னாள். கேட்டால் என்ன ஆகும் என்று ராஜாம்பாளுக்குத் தெரியும். சாமி சொன்னது உண்மையாகிவிடும், அவள் சூனியக்காரியாகிவிடுவாள். அப்புறம் சாகும்வரை அவள் கூடையில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சங்கரா வாங்க வருகிற வக்கீல் அன்புசெல்வி தகட்டுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. ராஜாம்பாள் நோட்டீஸை நீட்டினாள். அன்புசெல்வி அதை நின்றபடியே படித்துவிட்டுச் சிரித்தாள். லைபல் என்றால் லத்தீனில் சின்னப் புத்தகம், அவ்வளவுதான் என்றாள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பிடிக்காதவனைத் திட்டிக் குட்டிக் குட்டிப் புத்தகமாக அச்சடித்துத் தெருவில் விடுவார்களாம். அதனால் எழுத்தில் ஒருவர் பெயரைக் கெடுப்பதற்கு அந்தப் பெயர் வந்தது. வாயால் கெடுத்தால் அங்கே ஸ்லாண்டர் என்று தனிப் பெயர். நம் சட்டத்தில் அந்தப் பாகுபாடு இல்லை, இரண்டும் அவதூறுதான்.

"வாயால சொன்னாலும், எழுதினாலும், தகட்டுல கீறினாலும் ஒண்ணுதாங்க்கா. பொய் சொல்லி ஒருத்தர் பேரைக் கெடுத்தா அவதூறு. நீங்க எழுதினது உண்மை, ஊரு நல்லதுக்குதான் எழுதினீங்கன்னு காட்டிட்டா குத்தமே இல்ல."

ராஜாம்பாள் மீன் செதில் சுரண்டுவதை நிறுத்தினாள். "தகட்டுல கீறினாலுமா? அப்ப இந்தக் காயிதத்த நான் இல்ல அவனுக்கு அனுப்பணும்?"

அனுப்பலாம், ஆனால் அவன் சொல்வது பொய் என்று காட்ட வேண்டும் என்றாள் அன்புசெல்வி. அதை எப்படிக் காட்டுவது என்று அன்று முழுக்க யோசித்தாள் ராஜாம்பாள். ஈ ஓட்டுகிறவளுக்கு யோசிக்க நேரமா இல்லை?

செவ்வாய்க்கிழமை அவள் தம்பி செம்மல் தவளக்குப்பம் போனான். போட்டில் கடலுக்குப் போகிறவன். சாமிக்கு அவனைத் தெரியாது. டோக்கன் கொடுக்கிற இடத்தில் பாலாஜி என்ற கையாள் அன்பாக உட்காரவைத்து ஒரு ஃபாரம் நிரப்பினான். பெயர், ஊர், வாசல் எந்தத் திசை, யார்மேல் சந்தேகம். சும்மா பதிவுக்குத்தான், சாமி இதையெல்லாம் பார்க்கவே மாட்டார் என்று சத்தியம் செய்தான். வலையில் மீன் சரியாகப் படவில்லை, தன் ஊர் சத்யப்பிரியாமேல்தான் சந்தேகம் என்று செம்மல் சொன்னான். அந்தப் பெயரைச் சொல்லச் சொன்னது ராஜாம்பாள்.

வியாழக்கிழமை காலை சாமி வீராம்பட்டினத்தில் எழுந்தருளினார். ஊரே திரண்டது. ராஜாம்பாள் மார்க்கெட் பெண்களையும் அழைத்திருந்தாள், துர்கா முதல் வரிசையில் நின்றாள். அன்புசெல்வி ஓரமாக நின்று செல்போனில் படம் பிடித்தாள். சாமி செம்மலின் வாசலில் உட்கார்ந்து உறுமினார், மண்ணைத் தோண்டினார், வேப்பிலைக் கொத்தைக் குழிக்குள் விட்டு வெளியே எடுத்தார். கையில் தகடு! துடைத்து உரக்கப் படித்தார். "சத்யப்பிரியா, வீராம்பட்டினம்."

கூட்டம் வாயடைத்து நின்றது. அதைப் பக்தி என்று நினைத்த சாமிக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. "கறுத்த பொம்பள. தலைவிரி கோலம். உம்மேல பொறாமை. போன அமாவாசைக்கு வந்து பொதச்சிட்டுப் போயிருக்கா."

ராஜாம்பாள் முன்னால் வந்தாள். "நடந்தா வந்தா, சாமி?"

"நடந்துதான் வந்தா. எங்கண்ணுக்குத் தெரியுது."

முதலில் ஒரு சின்னப் பிள்ளை களுக்கென்றது. பிறகு ஊரே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்கள். ராஜாம்பாள் சாமியின் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மணலில் ஏற்றிவைத்திருந்தது முப்பத்திரண்டு அடி நீள ஃபைபர் போட். முகப்பில் பெரிதாக 'சத்யப்பிரியா'. கடலூரில் பழசாக வாங்கியது, பெயரை அழித்தால் ராசி போய்விடும் என்று ஓனர் அப்படியே விட்டிருந்தார். அந்தப் பெயரில் ஊரில் ஒரு மனுஷிகூடக் கிடையாது. ராசி பார்ப்பதும் மூடநம்பிக்கைதான். அன்றைக்கு மட்டும் உபயோகப்பட்டது, மன்னித்துவிடுவோம்.

சாமி கையாளைத் தேடினார். பாலாஜி பைக்கை எடுத்துக்கொண்டு எப்போதோ பறந்துவிட்டான். கடைசி மந்திரமாக, எல்லார்மேலும் லைபல் போடுவேன் என்று சாமி கத்தினார்.

"தாராளமா போடு," என்றாள் ராஜாம்பாள். "சாட்சிக்கு சத்யப்பிரியாவ நான் இட்டாரேன். நாலு ஆளு தள்ளுனா கோர்ட்டு வரைக்கும் வந்துடுவா."

அடுத்த வாரம் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. அதோடு விடவில்லை ராஜாம்பாள். துர்காவிடம் வாங்கிய, தன் பெயர் கீறிய தகட்டோடு அன்புசெல்வியை அழைத்துக்கொண்டு போய் சாமிமேல் அவதூறு வழக்குப் போட்டாள். வீடியோவும் சாட்சியமாக உள்ளே போனது. கூடையைச் சுற்றிப் பழையபடி கூட்டம். எங்களுக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்று எல்லாருமே சொன்னார்கள்.

கூட்டம் குறைந்ததும் துர்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபாரத்தில் உன் பெயரைச் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டு அழுதாள். ராஜாம்பாளுக்குச் சாமிமேல் வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"அவன் கீறுனான். எடுத்துக் குடுத்தது நீ. இத்தன வருசம் பக்கத்துல உக்காந்தவகிட்ட, நெசமாடின்னு ஒரு வார்த்த கேக்கத் தோணலியே உனக்கு."



வேறு பக்கம் இன்னொரு சாமி கிளம்பியிருக்கிறாராம். அவரிடமும் ஃபாரம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி பெயரை அதில் எழுதுமுன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் மூளையை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, தேய்த்தால் வேலை செய்யும்.