தாமதமாக வந்த சூப்பர் ஹீரோவுக்கு ஒரு கண்டனத் தீர்மானம்

உலக சினிமா இன்றைக்கும் ஓரளவு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறதென்றால் அதற்குக் காரணம் ஒரே ஒருவர்: மட்டாஞ்சேரி சுக்குக்கிடங்குச் சந்து நலச் சங்கத்தின் செயலாளர் திரு. சங்கரலிங்கம். இந்தத் தகவல் அமெரிக்காவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் இவ்வளவு மோசமான படங்களை எடுக்கத் துணிந்திருக்க மாட்டார்கள்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி தம்மை விமரிசகர் என்று சொல்லிக்கொள்வதில்லை. "நான் சாதாரண ரசிகன்" என்பார். ஒருவர் தம்மைச் சாதாரண ரசிகன் என்று சொல்லிவிட்டால் அதன்பிறகு சாயா ஆறும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது என்பது எங்கள் சந்தின் அனுபவம். சுக்கு மொத்த வியாபாரம் அனுமதிக்கும் ஞாயிறுகளில் இடப்பள்ளி மாலுக்குப் போய்ப் படம் பார்ப்பார். மறுநாள் காலை ரதீஷின் சாயாக்கடையில் தீர்ப்பு வழங்குவார்.

விஞ்ஞானப் படங்களில் அவருக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. "வேற கிரகத்துக்காரன் அம்புட்டுத் தூரம் வந்து இறங்குதான். இறங்கினதும் நேரா அமெரிக்காவத்தான் அழிக்கான். ஏன், நம்ம வார்டுல இறங்கக் கூடாதா? இது பாரபட்சம்."

"இவிட பார்க்கிங் எவிட அண்ணாச்சி?" என்றார் சாயா ஆற்றிக்கொண்டிருந்த ரதீஷ், மலையாளம் கலந்த தமிழில்.

செயலாளர் யோசித்தார். "அது நியாயம்" என்று ஒப்புக்கொண்டார். தவறைத் திருத்திக்கொள்ளும் இந்தப் பண்பை வேறு எந்த விமரிசகரிடமும் நான் கண்டதில்லை. அவரிடமும் அதற்குப் பிறகு காணவில்லை.

பேய்ப் படங்கள் விஷயத்தில் அவர் பகுத்தறிவுவாதி. "கதவு தானா மூடுது. குழாயத் திறந்தா ரத்தமா வருது. அப்புறமும் அந்தக் குடும்பம் அங்கனயே பாய விரிச்சுத் தூங்குது. அட்வான்ஸத் திருப்பி வாங்கிட்டுக் காலி பண்ண வேண்டியதுதான?" பேய் வீட்டைப் பற்றி உலகம் எவ்வளவோ சிந்தித்திருக்கிறது. அட்வான்ஸைப் பற்றிச் சிந்தித்தவர் இவர்தான்.

சூப்பர் ஹீரோக்களிடம் மட்டும் அவர் கொஞ்சமும் இரக்கம் காட்டுவதில்லை. பறப்பது, சுவரை உடைப்பது, கண்ணால் எரிப்பது இவையெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டல்ல. "பாதி ஊர் இடிஞ்சப்புறம் வந்து நிக்கான். நேரத்துக்கு வராத சக்தி என்னத்துக்கு?"

"நீங்க யூடியூபில் பறயணும் அண்ணாச்சி. ஒரு மைக் மதி, போதும்" என்று ரதீஷ் உருகுவார். இந்தச் சங்கத்தின் துணைச் செயலாளன் என்ற முறையில் நானும் உருகியிருக்கிறேன்.

இத்தகைய மேதையிடம் ஒரு பொறுப்பு இல்லாமல் இருக்குமா? எங்கள் சந்தின் கடைசியில் ஒரு வாய்க்கால், கடலை ஒட்டிய உப்பங்கழியான காயலில் போய்ச் சேருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும்போது காயல் தண்ணீர் வாய்க்கால் வழியாகத் திரும்பி வீடுகளுக்குள் வரும். வேலியேற்றம் என்பார்கள். அதைத் தடுக்கச் சங்கம் வசூல் செய்து வாய்க்காலின் குறுக்கே ஓர் இரும்பு ஷட்டர் போட்டது. தண்ணீர் ஏறுமுன் ஷட்டரை இறக்கிவிட வேண்டும். அதைத் திருகும் ஹேண்டில் ஒன்றே ஒன்றுதான். அது செயலாளரின் ஸ்கூட்டரில், கால் வைக்கும் இடத்தில், நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

ஷட்டரை ஒட்டினாற்போல் ஆவுடையம்மாளின் மாவுக்கடை. இட்லி மாவும் தோசை மாவும் அரைத்துத் தேவரா பகுதி ஹோட்டல்களுக்கு அனுப்புகிறார். ஷட்டர் திறப்பு விழா அன்றே அவர், "ஹேண்டில் என் கடையில தொங்கட்டுமே, தண்ணிய மொதல்ல பாக்கது நாந்தான" என்று கேட்டார். சங்கம் இதைப் 'பரிசீலித்தது'. தண்ணீரைப் பார்ப்பது வேறு, பொறுப்பு வேறு என்று முடிவாயிற்று.

போன ஞாயிறு அமாவாசை. அன்றைக்குத்தான் செயலாளர் ஒரு புதிய சூப்பர் ஹீரோ படத்துக்குப் போயிருந்தார். ஷட்டர் திறந்திருந்தது. ஹேண்டில் இடப்பள்ளி மாலின் அடித்தளத்தில் ஸ்கூட்டரோடு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்தபோது மாவுக்கடைக்குள் முழங்கால் தண்ணீர். கிரைண்டர் மோட்டார் முங்கிப் புகைந்து நின்றுவிட்டது. தேவராவுக்குப் போக வேண்டிய மாவு காயலுக்குப் போயிற்று.

மறுநாள் மாலை அவசரக் கூட்டம் கூடியது. செயலாளரின் சுக்குக் கிடங்கு மாடி அறை. மின்விசிறி சுற்றச் சுற்ற எல்லோரும் முறைவைத்துத் தும்மினோம். சங்கத் தலைவர் முகமது இஸ்மாயில் மரியாதை தெரிந்தவர். வெள்ளத்தைப் பற்றி ஆரம்பிக்குமுன் செயலாளரிடம், "படம் எங்ஙனெ உண்டு?" என்று உபசாரமாக விசாரித்தார்.

வெள்ளம் அந்தக் கணமே பின்வாங்கியது.

"சொன்னா வருத்தப்படுவீங்க இக்கா" என்று செயலாளர் எழுந்து நின்றார். "கடல் ஊருக்குள்ள வருது. சனங்க கத்துது. அத நிறுத்துத சக்தி ஒரே ஒருத்தன் கையிலதான் இருக்கு. அவன் எங்க இருக்கான்? வேற ஊர்ல. இங்க உள்ளவங்க கூப்பிடுதாங்க, அவனுக்குக் காது கேக்கல. எல்லாம் முங்கினப்புறம் சாவகாசமா வாரான். இப்படிப் பொறுப்பில்லாதவன ஹீரோன்னு காமிச்சா நம்ம பிள்ளைங்க என்னத்தப் படிக்கும்?"

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். மனச்சாட்சியுள்ள எவனும் தட்டுவான்.

வாசல் ஓரமாக நின்ற ஆவுடையம்மாள் மட்டும் தட்டவில்லை. அவருடைய சேலைக் கரையில் இன்னும் சேறு இருந்தது. "அண்ணாச்சி, நேத்து நான் எத்தன தடவ விளிச்சேன். நீங்க போன எடுக்கல."

"சைலண்டுல கெடந்தது. தியேட்டர்ல போன் அடிச்சா மத்தவங்களுக்கு எடஞ்சல். அது ஒரு நாகரிகம் ஆவுடை."

"ரதீஷ் விளிச்சப்ப எடுத்தீங்கள்லா?"

"அப்ப படம் முடிஞ்சிருந்தது."

"முடிஞ்சா வர வேண்டியதுதான?"

செயலாளர் புன்னகை செய்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களைப் பார்த்துச் செய்யும் புன்னகை. "இந்த மாதிரிப் படங்கள்ல கடைசியில பேரெல்லாம் ஓடும். தெரியாதவன் எந்திச்சுப் போயிருவான். தெரிஞ்சவன் உக்காந்திருப்பான். எல்லாப் பேரும் ஓடி முடிஞ்சப்புறம்தான் ஒரு காட்சி வரும். அதப் பாக்காம வந்தா படமே பாக்காத மாதிரி."

"எந்தா வந்தது?" தலைவர் முன்னால் சாய்ந்தார். அறை முழுதும் சாய்ந்தது.

"அடுத்த படத்துல இன்னொருத்தன் வரப்போறான்னு காமிச்சான்."

"ஆரு?"

"மொகத்தக் காமிக்கல. முதுகு மட்டும்."

ஆகா, என்ன நுட்பம் என்று அறை பெருமூச்சு விட்டது. ஒரு முதுகுக்காகக் கிரைண்டர் ஒன்று தன்னைத் தியாகம் செய்துகொண்டதை உலக சினிமா என்றாவது நன்றியோடு நினைக்கும்.

"அந்த முதுகப் பாத்துக்கிட்டு இருந்த நேரத்துலதான் அண்ணாச்சி என் மோட்டார் முங்கினது" என்றார் ஆவுடையம்மாள். குரல் உயரவில்லை. "தேவராக்காரங்க இன்னிக்கு வேற எடத்துல மாவு வாங்கிட்டாங்க. மோட்டார எப்படியும் சரி பண்ணி நாளைக்குக் குடுத்திருதேன்னு சொல்லிருக்கேன். நாளைக்கும் இல்லன்னா அம்புட்டுத்தான், கடையப் பூட்ட வேண்டியதுதான். போனது போகட்டும். அந்த ஹேண்டில எங்கிட்ட குடுங்க. இன்னிக்கும் தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு."

"தண்ணி வருத எடம்னு தெரியுதுல்ல?" என்றார் செயலாளர், தம் பேய்ப் பட ஆராய்ச்சியின் முழு பலத்துடன். "அப்புறமும் ஏன் அங்கனயே இருக்கே? அட்வான்ஸ வாங்கிட்டு வேற எடம் பாரு."

"கிரைண்டர் வைக்க எவன் எடம் தாரான்? உங்க மாடிய ஒழிச்சுத் தாங்க, இப்பமே வாரேன்."

செயலாளருக்கு இருமல் வந்தது. சுக்குத் தூசி.

ரதீஷ் தலையைச் சொறிந்தார். "ஹேண்டில் ரெண்டாமது ஒண்ணு செய்தா போதுமல்லோ? வெல்டிங் கடையில் பறஞ்சா ஒரு மணிக்கூர்."

"ரதீஷே, ஆளுக்கொரு சக்தி குடுத்தா அது சூப்பர் ஹீரோ படமா? ரேஷன் கடை."

இந்த வாதத்துக்கு மறுப்பு ரதீஷிடம் இல்லை. என்னிடமும் இல்லை. தேடிப் பார்த்தேன் என்று பொய் சொல்ல விரும்பவில்லை.

பின்னர் கீழ்க்கண்டவை ஏகமனதாக நிறைவேறின. வெள்ளக் காலத்தில் கடமை தவறும் நாயகர்களைப் போற்றும் மேற்படி திரைப்படத்தைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. ஹேண்டில், பாதுகாப்புக் கருதி, செயலாளரிடமே தொடரும். படம் பார்க்காமல் அதைப் பற்றிய விவாதத்தில் கலந்துகொள்வது முறையல்ல என்பதால், பாதிக்கப்பட்ட திருமதி ஆவுடையம்மாளுக்கு நிவாரணமாக மேற்படி படத்துக்கே ஒரு டிக்கெட். அதைத் தம் சொந்தச் செலவில் தருவதாகச் செயலாளர் அறிவித்தபோது தலைவரின் கண்கள் கலங்கின. அவரும் சுக்குத் தூசி என்றுதான் சொன்னார்.

"எனக்கு ஒரு சந்தேகம் அண்ணாச்சி" என்றார் ஆவுடையம்மாள்.

"கேளு, கேளு. கேட்டாத்தான் ரசனை வளரும்."

"படத்துல கடல் வரும்போது தெருவுல ஒரு கூட்டம் நிக்கும்லா. அவங்க என்ன செஞ்சாங்க?"

"எவங்க?"

"அந்த ஊர்க்காரங்க."

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். "அவங்க என்னத்தச் செய்வாங்க? வாயத் தொறந்துக்கிட்டு மேல பாத்துக்கிட்டு நிப்பாங்க. கூட்டத்துக்கு வேல அம்புட்டுத்தான்."

ஆவுடையம்மாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என் முறை வந்தபோது நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் டிக்கெட்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனார்.

ஏதோ இரும்பு உரசும் சத்தம் கேட்டது. எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். கீழே, செயலாளரின் ஸ்கூட்டரிலிருந்து ஹேண்டிலை உருவி எடுத்துவிட்டார் ஆவுடையம்மாள். சந்தின் கடைசியில் வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் கரையின் கல்வரிசையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதத் திருக ரெண்டு ஆள் வேணும்" என்று எங்களை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "யாராச்சும் இறங்கி வாங்க."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஹேண்டிலைத் தோளில் சாத்திக்கொண்டு வாய்க்காலை நோக்கித் தனியாக நடந்தார். செயலாளர் உட்பட ஒருவரும் தடுக்கவில்லை. ஒருவரும் இறங்கிப் போகவும் இல்லை. ஜன்னல் கம்பிகளுக்கிடையில் முகத்துக்கு இடம் கிடைக்காமல் பின்வரிசையில் சிறு தள்ளுமுள்ளு நடந்தது, அவ்வளவே.

படத்தில் கூட்டம் மேலே பார்க்கும். நாங்கள் கீழே பார்த்தோம். மற்றபடி செயலாளர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.